செருப்பு கழன்றது தெரியாத கால்

1. ஒற்றைச் செருப்பு

மஞ்சுளா முதல் நாள் ஒற்றைச் செருப்போடுதான் என் அறைக்குள் வந்தாள். ஓசூரில் ஒரு நர்சிங் ஹோமில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்த காலம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். இன்னொரு செருப்பு பஸ் ஸ்டாண்டுக்கும் எங்கள் கேட்டுக்கும் நடுவில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. கேட்டருகே கொட்டியிருந்த ஜல்லி மேல் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். கட்டைவிரலில் ரத்தம்.

"எங்கடி செருப்பு?" என்று அவள் கணவர் முருகேசன் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, போட்டுட்டுத்தானே வந்தேன்!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மஞ்சுளாவுக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவி. கல்யாணமாகி ஓசூர் வந்து, சீட் கவர் ஒட்டும் சின்ன யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ரெக்ஸினில் தடவும் பசையை அங்கே சொல்யூஷன் என்பார்கள். ஓசூர்க் குளிரில் அது சீக்கிரம் காயாது, கையும் விறைக்கும். அதனால் பெண்களே பேசிவைத்து ஷட்டரை இறக்கிவிட்டு ஒட்டுவார்களாம். மூடிய அறையில் அந்த ஆவி முழுவதும் அவர்கள் மூக்குக்குள்தான் போனது.

எங்கள் டாக்டர் அவளை பெங்களூருக்கு நெர்வ் டெஸ்டுக்கு அனுப்பினார். அங்கிருந்த நரம்பு டாக்டர் என்னிடம் போனில் பேசினார். சொல்யூஷனில் இருக்கும் ரசாயனம் கால் நரம்பை நுனியிலிருந்து கருக்கியிருக்கிறது, வேலையை உடனே நிறுத்த வேண்டும் என்றார். கடைசியில் கன்னடத்தில், "ஸ்வல்ப தின ஜாஸ்தி ஆகுத்தெ, ஆமேலெ சரி ஹோகுத்தெ" என்றார். நிறுத்தினாலும் கொஞ்ச நாள் இன்னும் அதிகமாகும், அப்புறம்தான் சரியாகும் என்று அர்த்தம். இருவரிடமும் அதை அப்படியே சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்கள் எல்லாம் நம்பிவிட்டார்கள் என்று நினைக்கிற வயதை நான் அப்போதே தாண்டியிருந்தேன்.

2. ஃப்ளைவீல்

வேலையை நிறுத்திய பிறகுதான் மஞ்சுளா படுமோசமானாள். இரண்டு பாதமும் தொங்கிவிட்டன; நாங்கள் ஃபுட் டிராப் என்போம். பாதத்தைத் தாங்கிப் பிடிக்க ஸ்ப்ளிண்ட் மாட்டிவிட்டேன். அப்போதும் நிற்க முடியவில்லை. ஒரு நாள் முருகேசன் அவளைத் தூக்கி வந்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என் மேல் பாய்ந்தார்.

"வேலைக்குப் போறப்ப நடந்துட்டுத்தான் மேடம் இருந்தா. நீங்க நிறுத்தச் சொன்னீங்க, இப்ப பாத்ரூமுக்குக்கூட நான்தான் தூக்கறேன். அப்ப சொல்யூஷன் மேல தப்பில்லதானே? சூப்பர்வைசர் வரச் சொல்றாரு. உக்காந்து செய்யற வேலை. நாளைக்கே அனுப்பறேன்."

"செத்த நரம்பு எங்க மேடம் திரும்ப வரும்?" என்றாள் மஞ்சுளா. "எம் மனசு நோகக்கூடாதுன்னு சரியாகும்னு சொல்றீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த அறைக்குள் திரும்பப் போனால் மிச்சமிருக்கும் நரம்பும் போய்விடும். பயமும் இருந்தது. முருகேசன் இரும்புத் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறவர் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"முருகேசன், பிரஸ்ல மோட்டார ஆஃப் பண்ணின உடனே உள்ள கைய விடுவீங்களா?"

"அதெப்படி மேடம்? ஃப்ளைவீல், அந்தப் பெரிய சக்கரம், சுத்திட்டிருக்கும்ல, கை போயிடும்."

"அதான் ஆஃப் பண்ணிட்டீங்களே, அப்புறம் ஏன் சுத்துது?"

அவர் குனிந்து மஞ்சுளாவின் காலைப் பார்த்தார்.

"இவ உடம்புல ஃப்ளைவீல் இன்னும் நிக்கல. அதுக்குள்ள நீங்க திரும்ப ஸ்விட்சப் போடப் போறீங்க."

பிறகு மஞ்சுளாவிடம் திரும்பினேன். "நரம்போட உசிரு முதுகுத்தண்டுப் பக்கம் இருக்கும்மா. அது செத்திருந்தா நானே சொல்லிடுவேன். அங்கருந்து காலுக்கு வர்ற இழைதான் நுனியில கருகியிருக்கு. அது திரும்ப வளரும், ஆனா ரொம்ப மெதுவா. எவ்வளவு தூரம் வரும்னு எனக்கும் தெரியாது."

கடைசி வரியைச் சொல்ல மனசே வரவில்லை. முருகேசன் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சிட்டிங் வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்தார்கள். அவளை வேலைக்கு அனுப்பவில்லை. முருகேசன் யூனிட்டுக்குப் போய்ச் சண்டை போட்டு ஷட்டரைத் திறக்கவைத்துவிட்டு வந்திருந்தார்.

3. கடிக்குது மேடம்

மாதக்கணக்கில் "விரலைத் தூக்கு" என்று நான் சொல்வதும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முயல்வதும், விரல் சும்மா கிடப்பதுமாகப் போனது. அப்புறம் கொஞ்சம் அசைந்தது. ஸ்ப்ளிண்டோடு நடந்தாள். தொட்டால் மட்டும் தெரியவில்லை.

கல்லாவியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு முருகேசனோடு நேராக நர்சிங் ஹோமுக்கு வந்த ஒரு நாள், அவள் முகமெல்லாம் கடுகடுவென்று இருந்தது.

"சானமாவு காட்டுல யானை ரோட்டத் தாண்டுதுன்னு பஸ்ஸ நிறுத்திட்டாங்க மேடம். இதுல இந்தச் சனியன் புடிச்ச செருப்பு வேற!"

"செருப்புக்கு என்ன?"

"புதுசு மேடம். அம்மா வாங்கிக் குடுத்துச்சு. கடிக்குது. விரல் சந்துல எரியுது."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "எங்க எரியுது, காட்டு."

"இங்கதான்..." என்று தொட்டவள், தொட்ட விரலை எடுக்கவில்லை. முருகேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சின்னக் கொப்புளம் ஒன்று. நான் அழுதுவிட்டேன், வெட்கமெல்லாம் படவில்லை.

அந்தக் கால் முழுசாகச் சரியாகவில்லை. வேகமாக நடந்தால் வலது பாதம் தட்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மோசமாகப் போகும் நாட்களில் நோயாளியின் வீட்டாரை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கிறது என்று யாராவது திட்டிக்கொண்டே வந்தால், களிம்பைத் தேடுவதற்கு முன் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.

அன்று மஞ்சுளா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். கேட் பக்கம் ஜல்லி அப்படியேதான் கிடந்தது. ஒவ்வொரு அடிக்கும் "ஸ்ஸ், அம்மா" என்று முனகிக்கொண்டே வெறுங்காலோடு அதன் மேல் நடந்து போனாள். முருகேசன் தூக்க வந்தார். அவள் விடவில்லை.