பின்வண்டிக்காரனின் வாய்

என் அண்ணன் தாவீது தடிவண்டியில் நசுங்கிச் செத்தார். விதி என்றார்கள். விதி இல்லை, ஒருவன் வாயைத் திறக்காததால் செத்தார். அவன் பெயர் பொன்னையா. இந்த ஜெபக்கூட்டத்துக்கு அவனும் வந்திருக்கிறான். கேட்கட்டும்.

யுத்தகாலம் அது. தடிக்கு, அதாவது வெட்டின மரத்துக்கு, நல்ல தேவை இருந்தது. கல்லாற்றில் ஏற்றி ஆரியசாலையில் இறக்குவோம். எங்களுடையவை பக்கப்பலகை இல்லாத, மாடு இழுக்கும் தட்டுவண்டிகள். தடியைப் பிடித்து நிறுத்துவது கயிறு மட்டுமே. முடிச்சு பின்னால் இருக்கும், ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. இறக்கத்தில் அது இளகினால் தடி முன்னால் சரிந்து அவன் முதுகில் ஏறும். அதனால் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. முன்வண்டியின் முடிச்சைப் பின்வண்டிக்காரன் பார்த்துக்கொள்ள வேண்டும். இளகினால் குரல் கொடுக்க வேண்டும். முகம் பார்த்துப் பேசாத பகையாளி என்றாலும் கொடுக்க வேண்டும்.

மதிப்புள்ள முன்வண்டி முதலில் பொன்னையாவுடையது. முதலாளி அதை அண்ணனுக்கு மாற்றிக் கொடுத்தார். அவனுக்குப் பொறுக்கவில்லை. அன்று அண்ணன் முன்னால், அவன் நடுவில், நான் கடைசியில். இறக்கத்தில் பொன்னையா எழுந்து நின்று அண்ணனின் வண்டியை உற்றுப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான். குரல் வரவில்லை. அண்ணனின் அலறல்தான் வந்தது.

நான் சபையில் சொன்னேன். "கண்ணுல தூசி விழுந்துது. நான் ஒண்ணும் கண்டில்ல" என்றான். சபை அவனை நம்பியது. "துக்கத்துல வாய்க்கு வந்ததப் பேசாதேயும்" என்று எனக்குத்தான் புத்தி சொன்னார்கள். திருவிருந்தில் என் பக்கத்திலேயே முழங்காலிட்டான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, அவன் முடிச்சு என் கண்முன்னால் இளக வேண்டும். நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்." இதற்காக உபவாசமும் இருந்தேன். முன்வண்டி மறுபடி அவனுக்கே கிடைத்தது. அவன் பின்னால் நான். நடைக்கு நடை அவன் முடிச்சைப் பார்த்தே ஜெபித்தேன். அது அசையவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஆடியில், எங்கள் கர்க்கடக மாதத்தில், ஒருநாள் கொட்டும் மழையில் தடி ஏற்றினோம். நனைந்த கயிறு இறுகினதுபோலத் தெரியும்; வெயிலில் காய்ந்தால் தொய்ந்துபோகும். வழியில் நிறுத்தி மறுபடி இறுக்குவது வழக்கம். பொன்னையா அன்று அவசரத்தில் நிறுத்தவில்லை. அண்ணன் செத்த அதே இறக்கத்துக்கு வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. அவன் முடிச்சு தொங்கியது. தடி அசைந்தது.

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தேன். "பொன்னையா, கெட்டு இளகுது, சாடும் ஓய்" என்றுதான் வெளியே வந்தது.

அவன் குதித்தான். அடுத்த நொடி தடி சரிந்து அவன் இருந்த பலகையை நொறுக்கியது. தொழில் பழக்கம் என்று நீங்கள் சொல்லலாம். என் இருதயம் அவன் சாகட்டும் என்றது. வாய் மட்டும் எனக்குக் கீழ்ப்படியவில்லை. கர்த்தர்மேல் எனக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது.

பொன்னையா சேற்றில் உட்கார்ந்து என் காலைப் பிடித்தான். "தாவீதுக்க கெட்டு இளகினத நான் கண்டேன் ஓய். வாயத் தொறந்து மிண்டல்ல."

"எனக்கிட்ட சொல்லாதேயும். சபையில, எனக்க மதினிக்க முன்னால சொல்லும்" என்றேன்.

சொன்னான். எழுந்து நின்று, அழுதுகொண்டு, அண்ணனின் மனைவி முகத்தைப் பார்த்துச் சொன்னான். என்னை நம்பாதவர்கள் தலைகுனிந்தார்கள். எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். அவன் செத்திருந்தால் உண்மையையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பான். நான் கேட்டது ஒரு பிணம். கர்த்தர் அவன் வாயாலேயே அந்த வார்த்தையை வாங்கிக் கொடுத்தார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் திரும்பியது.

இப்போதும் அவன் முன்வண்டி, நான் பின்வண்டி. இறக்கம் வந்தால் கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைப் பார்க்கிறான். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் சுகம் இருக்கிறது.

பிரியமானவர்களே, உங்களுக்கும் ஒரு பொன்னையா இருப்பான். அந்தப் பகையைக் கழுவித் துடைத்த பிறகு ஜெபிக்கலாம் என்று இருக்காதீர்கள். அழுக்கோடு அப்படியே கொண்டுபோங்கள். அவர் தாங்குவார். நானும் இன்றுவரை அப்படித்தான் போகிறேன். இறக்கத்தில் வண்டி சாய்ந்ததும் சொல்லுவேன்: "ஆண்டவரே, இன்றைக்கும் என் வாயை என்னிடம் விட்டுவிடாதேயும்."