எங்கம்மாவைப் பேட்டி எடுத்த நாள்

எங்க காலேஜுல ஆனர்ஸ் செமினார்னு ஒண்ணு இருந்துச்சு. தேனிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் காலேஜு. காலையில ஜெபம் முடிஞ்சதும் பன்னெண்டு பேரு மட்டும் மாடி அறைக்குப் போவோம். ஒரே பொருள எல்லாப் பாடத்து வழியாவும் பாக்கணும். அந்த வருசம் எங்களுக்கு வாய்ச்சது ஏலக்காய். தாவரவியல் சார் செடியச் சொல்வாக. வரலாற்று மேடம் மலையில தோட்டம் வந்த கதையச் சொல்வாக. சர்வதேசப் படிப்பு மேடம், போடியில ஏலம் போற காய் அரபு நாட்டுக் காபியில விழுகுற வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போவாக. நான் மட்டும் வாயத் தொறக்க மாட்டேன். எங்கம்மா தெனமும் கம்பத்துலருந்து ஜீப்புல மலையேறி, கேரளாத் தோட்டத்துல அந்தக் காயத்தான் எடுத்துக்கிட்டிருந்தா. அப்பா நான் சின்னப் பிள்ளையா இருக்கையிலயே செத்துட்டாரு, வீட்டுல நாங்க ரெண்டே பேரு. இத அந்த அறையில ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. வெக்கம், வேற என்ன?

வருசக் கடைசியில வெளிநாட்டுக் காலேஜுலருந்து ஒரு பேராசிரியையும் ஆறேழு மாணவர்களும் வந்தாக. ஒவ்வொருத்தரும் ஒரு தோட்டத் தொழிலாளியக் கூட்டியாந்து, அவுக முன்னாடி பேட்டி எடுத்து, இங்கிலீசுல மொழிபெயர்க்கணும். எந்தப் பேட்டியில உசுரு இருக்கோ அத எடுத்த பிள்ளைக்கு நாலு மாசம் அவுக நாட்டுலயே போய்ப் படிக்க ஒரு இடம். ஒரே ஒரு இடம். சொந்தக்காரங்கள மட்டும் பேட்டி எடுக்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாக.

வாரேன்னு சொன்ன பொம்பள முந்தின நாள் சாயங்காலம் காலை வாரிவிட்டுட்டா. காய்ச்சலாம். நான் அழுகுறதப் பாத்துட்டு அம்மாதான் சொன்னா: "நான் வாரேன். யாரோ எவளோன்னு சொல்லிரு. எவனுக்குத் தெரியப் போகுது?"

எனக்குப் புத்தி எங்க போச்சு? சரின்னு தலையாட்டிட்டேன். பத்து கேள்விக்குப் பதில் சொல்லிக் குடுத்தேன். என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடாத, ஏ புள்ளன்னு சொல்லாதன்னு வேற மெரட்டினேன்.

மறுநாள் அறை வாசல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தா. அதுவரைக்கும் போடாத புது ஜாக்கெட்டு, இஸ்திரி போட்ட சேலை. கும்பிட்டுட்டு என்னையப் பாத்து, "உங்களுக்கு எந்த ஊரு தாயி? எங்கனயோ பாத்த மொகமா இருக்கே?"ன்னு கேட்டா பாருங்க! அவ கண்ணுல ஒரே குறும்பு. பள்ளிக்கூட நாடகத்துல வேசம் கட்டின பிள்ளை மாதிரி சந்தோசமா இருந்தா.

அட்டை கடிச்சது, மழையில நனைஞ்சது, ஜீப்புல பதினெட்டு பேரு ஏறினதுன்னு எல்லாத்தையும் அழகாச் சொன்னா. நான் இங்கிலீசுல சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாக. அப்பத்தான் அந்தப் பேராசிரியை குறுக்க ஒண்ணு கேட்டாக. அது என் பத்துல இல்லாத கேள்வி. நான்தான் தமிழ்ல கேக்கணும்.

"உங்க பிள்ளைகளும் இந்த வேலைக்கு வருவாகளா?"

அம்மா என்னையப் பாத்தா.

"எனக்குப் பிள்ளை இல்ல தாயி."

அத நான் இங்கிலீசுல சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். பேராசிரியை எந்திரிச்சு வந்து அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாக. "அழுகாதீக, அழுகாதீக"ன்னு அம்மாதான் தேத்துனா.

பஸ் ஸ்டாப்புல தள்ளித் தள்ளி நின்னோம். பஸ்ஸுல ஏறி, காலேஜுப் பிள்ளைக எல்லாம் எறங்கின பெறகுதான் பக்கத்துல போய் உக்காந்தேன். ஏம்மா அப்படிச் சொன்னன்னு கேட்டேன். "பொண்ணு இருக்கான்னா என்ன படிக்கிறா, எங்கன படிக்கிறான்னு நோண்டுவாக. அதான் ஒரேயடியா முடிச்சுட்டேன்"னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

இடம் எனக்குத்தான் கெடைச்சுச்சு. போனேன், படிச்சேன். அங்க வகுப்புல அம்மா படத்தப் பெருசாப் போட்டு, பிள்ளையில்லாத ஒரு தொழிலாளியப் பத்தி அரைமணி நேரம் பேசினேன். கை தட்டினாக. பாவி நான், அதையும் வாங்கிக்கிட்டேன்.

திரும்பி வந்து மறு வருசம் பட்டமளிப்பு. வீட்டுக்கு ரெண்டு அழைப்பு அட்டை குடுத்தாக. அம்மா பத்து நாளா அதே பேச்சு. ஜீப்புல வாரவுக எல்லாருக்கும் சொல்லிட்டா. முந்தின நாள் கேட்டா, "அந்த வெள்ளைக்காரம்மா வாராகளா?"

"அவுகதாம்மா சிறப்பு விருந்தினர்."

அட்டைய எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சா. "அப்ப நான் வரலடி. என் மூஞ்சிய மறந்திருக்க மாட்டாக. உனக்கு எதுக்குக் கெட்ட பேரு? நீ போயிட்டு வா."

நீ வாம்மா, நான் எல்லாரு முன்னாடியும் உண்மையச் சொல்லிர்றேன்னு சொல்லியிருக்கணும். பட்டத்தப் பிடுங்கிட்டா என்ன செய்யிறதுன்னு பயந்து, "சரிம்மா"ன்னேன். விடிஞ்சதும் அவ ஜீப்புக்குப் போயிட்டா, நான் பஸ்ஸுக்குப் போனேன்.

பட்டம் வாங்கி எறங்கினதும் அந்தப் பேராசிரியை கட்டிப் பிடிச்சுக்கிட்டாக. உன் வீட்டுலருந்து யாரு வந்திருக்கா, நான் பாக்கணுமேன்னு சுத்திமுத்தும் தேடினாக. எனக்கு யாரும் இல்லன்னு சொல்லிட்டேன். யோசிக்கக்கூட இல்ல. வாய் தானாச் சொல்லிருச்சு.

சாயங்காலம் ஜீப்ப விட்டு எறங்கி ஓட்டமும் நடையுமா வந்தா அம்மா. கை கழுவக்கூட இல்ல. "பட்டத்தக் காட்டுடி. வீட்டுலருந்து யாரும் வரலையான்னு கேட்டாகளா? என்ன சொன்ன?"

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, அதான் வரலன்னு சொன்னேன்."

"அம்மா இருக்கான்னு சொல்லிட்டியா!"

அப்படி ஒரு சந்தோசத்த அவ மூஞ்சியில நான் அதுவரைக்கும் பாத்ததில்ல.

"ஆமாம்மா"ன்னேன்.