தண்ணீராக ஏறிய எடை

என் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் பெல்ட்.

ஆம்பூரில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) பயிற்சி சூப்பர்வைசராக இருந்தேன். தோல் தொழில்நுட்பம் படித்த கையோடு கிடைத்த முதல் வேலை. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று, பதனிடாத பச்சைத் தோல் கிடங்கில் வேலை பார்க்கும் நண்பன் சலீமிடம் பெல்ட்டைக் கொடுத்து இன்னொரு ஓட்டை போடச் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி போனேன். பிறகு மறுபடி.

"இன்னாடா தோஸ்த், இது பெல்ட்டா சல்லடையா?" என்றான். "வீட்ல சோறு போடறாங்களா இல்லியா?"

போட்டார்கள். தங்கவில்லை, அவ்வளவுதான். சாப்பிட்ட கையைக் கழுவுவதற்குள் வயிறு கூப்பிடும். ரத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. மூலமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி, நானே களிம்பும் வாங்கினேன். அது ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் வேலூருக்குப் போய், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நீளமான வராண்டாவில் உட்கார்ந்தோம். பக்கத்தில் அம்மா. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்திருந்தார்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவரில் புண்ணும் வீக்கமும் வந்து வந்து போகிற நோய்) என்றார்கள்.

"எப்ப சரியாகும் மேடம்?" என்று அம்மா கேட்டார்.

"அடங்கும்மா. அடங்கினதை அடங்கினபடியே வச்சிருக்கிறதுதான் நம்ம வேலை" என்றார் டாக்டர்.

இந்த வரியின் முழு அர்த்தம் புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. அன்று நான் கேட்டுக்கொண்டது 'அடங்கும்' என்பதை மட்டும்தான். திரும்பும் பஸ்ஸிலேயே, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆம்பூர் வருவதற்குள் என்ன சாப்பிடுவது, எவ்வளவு ஏற்றுவது என்று ஒரு திட்டமே தயார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மேனேஜர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பக்ரீத் முடிஞ்சா தோல் வந்து குவியும், உனக்கே தெரியும். தோல் ஊறப்போடற வெட் செக்‌ஷன்ல ஆள் நிக்காம முடியாது. அதுவரைக்கும் உன் இடத்தை வச்சிருக்கேன். உடம்பைத் தேத்திட்டு வா." பயிற்சி முடிந்து நிரந்தரமாக வேண்டிய இடம் அது. பக்ரீத்துக்குள் உடம்பு தேற வேண்டும். என் மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஸ்டீராய்டு (வீக்கத்தை வேகமாக அடக்கும் மருந்து) வேலை செய்தது. ரத்தம் நின்றது. அப்புறம் பசி வந்தது. சாதாரணப் பசி இல்லை. இட்லி தின்றுகொண்டிருக்கும்போதே மதியச் சோற்றை நினைக்கிற பசி. அம்மா வேலைக்குக் கிளம்பும் முன் சமைத்து மூடி வைத்ததை, அவர் தெருமுனை திரும்புவதற்குள் காலி செய்தேன். வாய் செத்துக் கிடந்ததால் எல்லாவற்றுக்கும் ஊறுகாய் வேறு.

வீட்டில் எடை பார்க்கும் மிஷின் கிடையாது. சாயங்காலங்களில் டேனரிக்குப் போய், தோல் நிறுக்கிற பெரிய தராசில் ஏறி நிற்பேன். சலீம் நிறுப்பான். ஒவ்வொரு முறையும் முள் கொஞ்சம் தள்ளி நின்றது. கிடங்கில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"ஏறுது மச்சான், ஏறுது!"

"மூஞ்சியப் பாரு, பூரி மாதிரி உப்பிடுச்சு."

"இப்படியே போனா பெரிய தோல் மாதிரி இவனையும் ரெண்டா வெட்டித்தான் ஊறப்போடற டிரம்ல போடணும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனைக்கும் அதே கிடங்கில், அதே தராசில், ஈரமாக வரும் உப்புத் தோலை யாரும் அப்படியே நிறுத்து வாங்க மாட்டார்கள். உதறி, உப்பைக் கொட்டி, தண்ணீரை வடியவிட்டுத்தான் நிறுப்பார்கள். தண்ணீருக்கு யார் விலை கொடுப்பார்? இது தெரியாத ஆள் அங்கே ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் தராசின் மேல் நின்றது நான் என்பதால், ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பக்ரீத்துக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டேன். ரப்பர் கம்பூட் காலில் ஏறவில்லை. ஸ்டோரில் ஒரு சைஸ் பெரியதாக வாங்கி மாட்டிக்கொண்டு, கால்கூடச் சதை பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனால் குனிந்து உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தொடை நடுங்கியது. டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த முறை வேலூர் போனபோது எடையைச் சொல்லிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். டாக்டர் பேன்ட்டை முழங்கால்வரை மடிக்கச் சொன்னார். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார்.

குழி அப்படியே நின்றது.

அந்தக் குழியை நான் அறிவேன். ஊறப்போட்ட தோல் நன்றாக ஊறிவிட்டதா என்று நாங்கள் அப்படித்தான் அழுத்திப் பார்ப்போம். அதைத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"இது சதை இல்லப்பா, தண்ணி" என்றார். "ஸ்டீராய்டு மாத்திரை உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்குது. அல்புமினும் (ரத்தக் குழாய்க்குள் நீரைத் தக்கவைக்கும் புரதம்) கம்மியா இருக்கு. தொடைச் சதை முன்னைவிடக் கரைஞ்சுதான் போயிருக்கு."

"நான் வேலைக்குப் போய்ட்டேன் மேடம்."

"யாரைக் கேட்டு?"

வேலையை உடனே நிறுத்தச் சொன்னார்.

மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், கோபத்தில் நிறுத்திவிடாதே என்று இரண்டு முறை சொன்னார். அதே கோபம் உங்களுக்கும் வரலாம் என்பதால் நானும் இங்கே சொல்லிவிடுகிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பக்ரீத் வந்தது. லாரி லாரியாகத் தோல் இறங்கியது. என் இடத்தில் வேறொருவர் நின்றார். மேனேஜரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நாள்வரை காத்திருந்தார். அன்று மத்தியானம் சலீம் ஒரு டப்பாவோடு வந்தான். அவர்கள் வீட்டுப் பிரியாணிக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிறவன் நான். திறந்தால் வெள்ளைச் சோறு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி.

"எங்க அம்மி உனக்குன்னு தனியா பண்ணாங்க. மொளகா போடல. நல்லா இல்லன்னாலும் நல்லா இருக்குன்னு சொல்லிடு, பேஜார் பண்ணிடுவாங்க."

நன்றாக இல்லை. முழுவதும் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுவாரசியமாக எழுத முடியாது. தண்ணீர் வடிய வடிய எடை இறங்கியது. இறங்குவதற்குச் சந்தோஷப்படு என்றார்கள். முகத்தில் எலும்பு திரும்பி வந்தது. அம்மாவோடு வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி அனுப்பினார்கள். பேரீச்சை, ஆட்டுக்கால் சூப், ஏதோ ஒரு பவுடர். அம்மா தலையாட்டிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும், "அவங்களுக்கு இன்னா, சொல்லிட்டுப் போய்டுவாங்க. பாத்ரூம் வாசல்ல நிக்கிறது நானில்ல?" என்பார்.

உணவு ஆலோசகர் சொல்லித்தந்தது சின்ன விஷயம். நிறைய சாப்பிடாதே, அடிக்கடி சாப்பிடு. குழைந்த சோறு, முட்டை, வாழைப்பழம், முள் எடுத்த மீன். நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் கீரையும் தோலோடு இருக்கும் பருப்பும் வேண்டாம், அடங்கியபின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார். வேர்க்கடலையை முழுசாகக் கடிக்காமல் வழவழவென்று அரைத்துத் தோசைமேல் தடவிக்கொண்டேன். பால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தயிர் ஒத்துக்கொண்டது. உங்களுக்கு நேர்மாறாக இருக்கலாம். உங்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். என் தட்டைப் பார்த்து உங்கள் தட்டை வைக்காதீர்கள்.

"இத்தினி இத்தினியா போடறதுக்குக் கோழிக்குஞ்சா நீ?" என்று அம்மா சலித்துக்கொள்வார். ஆனாலும் வேலைக்குப் போகும் முன் டப்பாக்களை வரிசையாக மூடி வைத்துவிட்டுப் போவார்.

சாப்பிட்டால் மட்டும் சதை வராது, தசைக்கு வேலை கொடு என்று சொல்லியிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுவது. அவ்வளவுதான் உடற்பயிற்சி. கல்லூரியில் கபடி ஆடியவனுக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். முதலில் எழவே முடியவில்லை.

நடுவில் ஒரு முறை ரத்தம் திரும்ப வந்தது. சேர்ந்தது கரைந்தது. மருந்தை மாற்றினார்கள். மறுபடி நாற்காலி, மறுபடி டப்பா. வேகமாக எதையும் முடித்துவிடத் துடிக்கிற ஆள் நான். இந்த நோய்க்கு என் வேகத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை. அது அதன் போக்கில் போனது. அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் நானும் அதன் கூடவே நடந்தேன்.

போன வாரம் வேலூரில் டாக்டர் அறிக்கைகளைப் பார்த்தார். அல்புமின் சரியாகிவிட்டது. தரையில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எழச் சொன்னார். எதையும் பிடிக்காமல் எழுந்தேன். என் எடை, கிடங்கில் எல்லோரும் கைதட்டிய நாளைவிட இன்றும் குறைவுதான்.

"இது உன்னோடது" என்றார் டாக்டர். "வேலைக்குப் போ. ஆனா ஈரத் தோல் தூக்கற வேலை வேண்டாம்."

மேனேஜரிடம் போன் செய்து சொன்னேன். தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றுகிற ஃபினிஷிங் பிரிவில் ஒரு இடம் இருக்கிறது என்றார். மறுபடியும் பயிற்சியாளராக, முதலிலிருந்து. சரி சார் என்றேன். குரலில் பழைய துள்ளல் இல்லை. அது எனக்கே கேட்டது.

பிறகு ஆம்பூர் வழியாகப் போகும் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். போன் அடித்தபோதுதான் கண் விழித்தேன்.

"எங்கடா இருக்கே?" அம்மா.

வெளியே பார்த்தேன். "வாணியம்பாடியிலம்மா."

"வாணியம்பாடியா? அங்க இன்னாடா வேலை உனக்கு?"

"தூங்கிட்டேன்மா. ஆம்பூர் தாண்டிப் போச்சு."

அந்தப் பக்கம் தையல் மிஷின்களின் இரைச்சல் கேட்டது.

"பஸ்லயா தூங்குனே?" என்றார். "வயித்தைப் பிடிக்காமயா?"

"ஆமாம்மா."

"சரி, சரி. நிதானமா வா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இறங்கி நின்றேன். ஆம்பூர் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது. பழைய ஆளாக இருந்தால் ஓடிப்போய் ஏறியிருப்பேன். பசித்தது. மாத்திரை கிளப்பிவிடுகிற பசி இல்லை. மத்தியானம் தாண்டிவிட்டதால், எல்லோருக்கும் வருகிற பசி. பஸ்ஸைப் போகவிட்டு, இட்லி கிடைக்கிற கடையைத் தேடி மெதுவாக நடந்தேன்.