அத்தை வீட்டுச் சுவரைச் சுரண்டியது யார்?

பிள்ளைகளே, ரீட்டா அத்தைக்குப் பேய் பிடித்துவிட்டதாக தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பேசிக்கொண்டதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் போய்ப் பார்த்ததை, நடந்தபடியே எழுதுகிறேன். பயப்படாமல் படியுங்கள்.

காலை 6.10. கரவனெல்லையில் பஸ் ஏறினேன். முந்தின நாள் என் தங்கச்சி ரீட்டாவின் கணவர், உங்கள் மாமா, எம்பிலிப்பிட்டியவிலிருந்து போன் செய்திருந்தார். அவருக்கு அங்கே கடையில் வேலை, மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். "மச்சான், அவ பேச்சே சரியில்ல. அஞ்சு மாசப் புள்ள வயித்துல. ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். முதல் பிள்ளை தங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இதுவும் போய்விடுமோ என்பதுதான் வழி நெடுக என் நெஞ்சில்.

அவிசாவளையில் பஸ் மாறி இரத்தினபுரி, நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து பெல்மடுல்லை பத்தொன்பது. மழை விடவேயில்லை. பெல்மடுல்லையில் ஒரு பிளேன்டி, அதாவது பால் விடாத சாயத்தண்ணி, குடித்தேன், ஐம்பது ரூபாய். தலைவலி விட்டது, கால் களைப்பும் போனது. தேயிலையில் அந்த நன்மை உண்டு. கொதித்த தண்ணீர் என்பதால் வயிற்றுக்கும் பயமில்லை.

பிற்பகல் 1.40. தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீட்டர். முச்சக்கர வண்டிக்கு ஆயிரத்து இருநூறு. ஓட்டியவர் ரகுவானைப் பக்கத்து முஸ்லிம் தம்பி.

"கடைசி லயத்துக்கா? கொழுந்து மடுவத்தோட நிப்பாட்டிருவேன் அண்ணே. அங்க ஒரு வீட்ல சுவர என்னமோ பிறாண்டுதாம்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்திருந்தா இன்னும் இந்த ரோட்ல ஓடுவேனா? கடல் பக்கம் போய் மீன் வித்துக்கிட்டு இருப்பேன்!"

சிரித்தார். ஆனாலும் கொழுந்து நிறுக்கும் அந்த மடுவத்தைத் தாண்டி வரவில்லை.

2.30. அரை மைல் நடை. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கித் தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக மூடியது. எல்லோரும் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். லயத்தில் கோழிச் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் கேட்டது. கர்ர்... கர்ர்... நான் நின்றேன், அதுவும் நின்றது. ஓரடி வைத்தேன். மறுபடி கர்ர். வாய்க்குள் ஜெபம் சொன்னேன், பாதியில் மறந்துவிட்டது.

சத்தம் அத்தை வீட்டிலிருந்துதான் வந்தது. கதவு திறந்திருந்தது. அடுப்படிக் குசினியின் மண்சுவரைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் தலை உயரத்தில் சுவரில் ஒரு குழி, ஒரு தேங்காய் அடங்கும் அளவு.

"ரீட்டா."

மெதுவாகத் திரும்பினாள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. உதடும் பல்லும் சிவப்பு. இரத்தம் என்றே நினைத்தேன்.

"அண்ணே, நீங்களா? இருங்க, சாயத்தண்ணி ஊத்துறேன்" என்று சிரித்தாள். வாயோரம் சிவப்பாக வழிந்தது மண்தான்.

"என்ன புள்ள இது?"

"தெரியல அண்ணே. மழ பேஞ்சா சுவரு மணக்குது. நா வேணாம்னுதான் உக்காந்திருக்கேன். கை தானாப் போகுது."

அந்த நேரத்தில்தான் குடை மடக்கும் சத்தம். கர்ப்பிணிகளைப் பார்க்க மாதாந்தம் வரும் மருத்துவிச்சி, நோனா என்று எல்லோரும் கூப்பிடும் சிங்களப் பெண். அவர் பயப்படவில்லை. அத்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் துணி போல இருந்தது.

"அனே! லே நே. ரத்தம் இல்ல. மாத்திர குடுத்தேனே, குடிக்கலயா?"

"ஒரு நாளும் விடல நோனா."

"எதோட குடிக்கிறது?"

"சாயத்தண்ணியோட. கொமட்டுதுன்னு சொன்னேன். நல்ல சாயமா ஊத்தி அதோட முழுங்கு, தேயில பலம்னு அண்ணன்தான் சொன்னாங்க."

நோனா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போன மாதம் போனில் நான்தான் சொன்னேன், பிள்ளைகளே. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேட்டீர்கள்.

"தேத்தண்ணி நல்லதுதான் ஐயா, நானும் குடிக்கிறேன். ஆனா அந்தச் சாயம் மாத்திரையில இருக்கிற இரும்பப் புடிச்சிக்கும், ஒடம்புக்குப் போக விடாது. சோத்தோட குடிச்சாலும் அப்படித்தான். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கணும். மாத்திரைக்குத் தேசிக்காய், அதான் எலுமிச்ச, புழிஞ்ச தண்ணி நல்லம். ரத்தம் கொறஞ்சா செல பேருக்கு மண்ணு திங்க ஆச வரும். பேய் இல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அத்தையைப் பிடித்துக்கொண்டு மடுவம் வரை நடந்தேன்; அங்கே கொழுந்து நிறுக்கப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கூடையோடு ஆளுக்கொரு போத்தல் சாயத்தண்ணி. மூட்டத்துக்குள் அந்த உதடுகளைப் பார்த்தேன். பாதிப் பேருக்கு நிறமே இல்லை.

திரும்பும் சவாரிக்காக அங்கேயே காத்திருந்த வண்டித் தம்பி அத்தையைப் பார்த்துப் பின்வாங்கினார். "ஒன்னுமில்ல, ரத்தக் கொறவுதான்" என்றேன். "அப்ப ஏறச் சொல்லுங்க. பேய்னா டபுள் சார்ஜ்" என்றார். அத்தைகூடச் சிரித்தாள். ஆனால் மண்மேடு பாதையை ஒட்டி வந்த இடத்தில் அவள் கை வண்டிக்கு வெளியே நீண்டது. அவள் முகம் என் பக்கமே இருந்தது, கை மட்டும் வெளியே. அந்தக் கையைப் பிடித்தேன். ஐஸ் போலக் குளிர்ந்தது. இரத்தினபுரி வரை விடவில்லை.

மாலை 6.20. வார்டில் சேர்த்தார்கள். வயிற்றின்மேல் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர், பிள்ளையின் இதயம் நன்றாக அடிப்பதாகச் சொன்னார். இரத்தம் ஏற்றினார்கள்.

மறுநாள் புறப்படும்போது, "நா சொன்னது பெழ, தங்கச்சி" என்றேன். அவள் மாத்திரையை வாயில் போட்டு, தேசிக்காய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினாள்.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. நேற்று போன் செய்தாள். "இங்க நல்ல மழ அண்ணே. மண்ணு வெறும் மண்ணாத்தான் மணந்துச்சு. கை மட்டும் ஒரு தடவ தானாப் போச்சு. திருப்பி எடுத்துக்கிட்டேன்."