மூன்றாம் ஓலை

ஞாயிறு காலை ஆறு பத்து. போடிநாயக்கனூரில் மலைக்குப் போகும் ஜீப்புகள் நிற்கும் இடம். மூன்று நாளாகப் பெய்த ஐப்பசி மழை விடிவதற்குச் சற்று முன்தான் ஓய்ந்திருந்தது. சாலைக் குழிகளில் எல்லாம் வானம் கிடந்தது. மிதிக்க மனமில்லாமல் ஓரமாகவே நடந்தேன்.

ஊர் ஊராகச் சுற்றி எழுதுகிறவன் நான். எந்த ஊரிலும் நான்கு நாளுக்கு மேல் என் கால் தங்காது. போடியில் ஐந்தாம் நாளும் நான் இருந்ததற்குக் காரணம் ஞானமுத்து ஐயா. எழுபத்தெட்டு வயது. இந்த ஊர்ச் சபையில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். என் விடுதிக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் தினமும் செய்தித்தாளை விரித்து, யுத்தம் நடக்கும் ஊர்களின் பெயரைப் பென்சிலால் வட்டமிடுவார்.

“இதையெல்லாம் வச்சு என்ன செய்வீங்க?” என்று முதல் நாள் கேட்டேன்.

“பேர் சொல்லி ஜெபிப்பேன் தம்பி. பேர் சொல்லாத ஜெபம், விலாசம் எழுதாத கடுதாசி மாதிரி.”

நேற்று அவரே கேட்டார்: “நாளைக்கு மேல போறேன். வளைவுல எனக்குத் தலை சுத்தும். துணைக்கு வர்றீங்களா?” எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போகச் சொன்னால் போதும் எனக்கு.

ஜீப் ஓட்டுநர் முருகேசன் முன்சீட்டைத் துணியால் துடைத்து ஐயாவை உட்கார வைத்தார். அவரை ஒட்டி நான். பின்னால் அரிசி மூட்டை, உரம், ஏழு பேர். போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர். அதற்கும் அப்பால் ஒன்பது கிலோமீட்டரில் நாங்கள் இறங்கவேண்டிய ஏலத்தோட்டம். ஆளுக்கு நூற்றிருபது ரூபாய்.

“ஐயா, பேப்பர்ல யுத்தம் நின்னுருச்சான்னு பாத்துச் சொல்லுங்க,” என்றார் முருகேசன். “கப்பல் போகலைன்னா நம்ம ஏலக்காய எங்கிட்டுக் கொண்டு போறது?”

“நிக்கல அப்பு.”

“நீங்க ஜெபம் பண்றதுதான் பண்றீங்க, கொஞ்சம் சத்தமாப் பண்ணுங்களேன். அங்கிட்டுக் கேக்கலைபோல.”

பின்னால் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார், ஆனால் அவர் கை முன்னாலிருந்த கம்பியை விடவில்லை. வளைவுகள் இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

ஆறு ஐம்பது. முந்தல். சோதனைச் சாவடி தாண்டியதும் சாலை மலையைத் தன்மேல் சுற்றிக்கொள்ளத் தொடங்கியது. மொத்தம் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் போடி ஒரு சுற்று சிறியதாகிறது: முதலில் ஊர், பிறகு கூரைகள், பிறகு தென்னைகளுக்கிடையே கொட்டிய சுண்ணாம்பு. நான்காவது வளைவில் ஐயா பேசத் தொடங்கினார், கண்ணை மூடிக்கொண்டே.

“கிறிஸ்தவக் கல்யாணம்னா மூணு ஞாயிறு கோவில்ல அறிவிப்பு வாசிக்கணும். பழைய ஆளுக ஓலைன்னு சொல்வாக. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், நியாயமான தடை யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கன்னு கேக்கணும். சபையில உக்காந்திருக்கிற யாரும் எந்திரிச்சுப் பேசலாம். அந்த ஒரு இடம்தான்.”

இருபத்தாறு வருடம் முன்பு தங்கராஜுக்கும் எஸ்தருக்கும் இரண்டு ஓலை வாசித்திருக்கிறார். மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை எஸ்தரின் அப்பா வீட்டார் சபை மூப்பர்களோடு வந்து, அதை வாசிக்கக்கூடாது என்று உட்கார்ந்தார்கள். பையன் வேறு சாதி.

“சாதி ஒரு தடையே இல்லன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லவும் தெரியும். பத்து வருசமா மேடையில சொன்னவன்தானே? மறுநாள் அந்தப் பிள்ளைக ரெண்டும் பெஞ்சுல உக்காந்திருக்கு. நான் தாளை எடுத்தேன். மடிச்சேன். அடுத்த பாட்டு நம்பரைச் சொன்னேன்.”

ஒன்பதாவது வளைவு. பனி உள்ளே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்தது.

இருவரும் பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் செய்துகொண்டு மலையேறிவிட்டார்கள். ஐயா அவர்களை அதன்பிறகு பார்க்கவில்லை. சென்ற வாரம் டீக்கடையில் முருகேசன் தற்செயலாகச் சொன்னார்: தங்கராஜ் மகளுக்குக் கல்யாணம், வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை.

“கூப்பிட்டாங்களா?” என்றேன்.

“இல்ல. ஆராதனை முடிஞ்சதும் எஸ்தரைப் பாத்து மன்னிப்புக் கேக்கணும். மூஞ்சியில கதவைச் சாத்தினா, அதையும் வாங்கிக்கிட்டு வரணும்.”

முருகேசன் ஐயாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த வளைவை மெதுவாக ஒடித்தார்.

எட்டு நாற்பது. தோட்டம். மலையாளமும் தமிழும் ஒரே வாயில் புழங்கும் இடம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளை இங்கே லயம் என்கிறார்கள். பெரிய நிழல் மரங்களுக்குக் கீழே ஏலச் செடிகள் ஆளுயரத்துக்கு நீரைச் சொட்டிக்கொண்டு நின்றன. காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து புகையும் மணமும் சேர்ந்து வந்தன. அந்த மணம் மூக்கில் நிற்பதில்லை. நேரே நெற்றிக்குப் போகிறது.

ஒன்பதரைக்கு ஆராதனை. தகரக் கூரை, பதினாறு பெஞ்சுகள், நாற்பது பேர் இருக்கலாம். ஐயா கடைசிப் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தார். முன்வரிசையில் நரையோடிய ஒரு பெண், ஒரு பக்கம் தோள் அகன்ற கணவர், மறுபக்கம் மகள். “அதுதான்,” என்றார் ஐயா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

இளம் போதகர் வாசித்தார். தங்கராஜ், எஸ்தர் இவர்களின் குமாரத்தி பிரிசில்லாவுக்கும், பூப்பாறையைச் சேர்ந்த பினுவுக்கும். இது மூன்றாம் அறிவிப்பு. நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் இப்போதே தெரிவிக்கவேண்டும்.

வழக்கமாக இந்த இடத்தில் இருமல்கூட வராது. மூச்சு விடும் நேரம்தான்.

என் பக்கத்தில் பெஞ்சுப் பலகை முனகியது. ஐயா எழுந்து நின்றிருந்தார்.

நாற்பது தலைகள் திரும்பின. மணப்பெண் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். எஸ்தர் திரும்பிப் பார்த்தார். முகம் தெரிந்துகொள்ள ஒரு நொடி ஆயிற்று.

“மறுபடியுமா ஐயா?” என்றார்.

இவ்வளவு சின்னக் குரலில் இவ்வளவு பெரிய கேள்வியை நான் கேட்டதில்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்று ஐயாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

“தடை இல்ல தாயி. தடையே இல்ல. அன்னைக்கும் இல்ல. இல்லைன்னு சொல்லாம தாளை மடிச்ச பாவி நான். அதைச் சபையில வச்சுத்தான் செஞ்சேன், சபையில வச்சுத்தான் சொல்லணும்.”

தங்கராஜ் பாதி எழுந்தார். எஸ்தர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு கடைசிப் பெஞ்சைப் பார்த்துச் சொன்னார்:

“எம்பிள்ளை ஓலை முடியட்டும். நீங்க உக்காருங்க.”

ஐயா உட்கார்ந்தார். இளம் போதகர் தாளை ஒருமுறை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, தடை ஏதும் இல்லை என்று அறிவித்தார்.

பதினொன்றரை. கோவில் முற்றம். “எந்திரிக்கணும்னு நினைக்கல தம்பி, கால் தானா எந்திரிச்சிருச்சு,” என்று ஐயா இரண்டு முறை சொன்னார். தங்கராஜ் மூன்று தம்ளர் பாலில்லாத கட்டன்காப்பியோடு வந்தார். “குடிங்க. இந்த மலை வரைக்கும் வர இருவத்தாறு வருசமா ஐயா? நடந்தா வந்தீங்க?”

எஸ்தர் சற்றுத் தள்ளி நின்றார். “அன்னைக்கு எங்க பேரு இப்ப வரும், இப்ப வரும்னு உக்காந்திருந்தோம்,” என்றார். “பாட்டுப் பாடும்போதும் வரும்னுதான் இருந்தேன். ஒருக்கா சொல்லுங்க. கேட்டுக்கிடுறேன்.”

ஐயா தம்ளரைத் தரையில் வைத்தார். தாள் இல்லை, அங்கி இல்லை. இரு தகப்பன்மார் பெயரும் அவருக்கு நினைவிருந்தது. மறக்க முடிந்திருந்தால் இந்த ஜீப் ஏறியிருக்கமாட்டார். தங்கராஜுக்கும் எஸ்தருக்கும், இது மூன்றாம் அறிவிப்பு என்று சொல்லி நிறுத்தினார்.

“கேள்வியக் கேளுங்க,” என்றார் தங்கராஜ். “கேக்காம எப்பிடி முடியும்?”

கேட்டார்.

“எனக்கு ஏகப்பட்ட தடை இருக்கு. இவ வைக்கிற மீன்கொழம்புல ஆரம்பிச்சா—” என்றார் தங்கராஜ்.

மகள் சிரித்தாள், அவள் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை பினுவும் சிரித்தான். எஸ்தர் சிரிக்கவில்லை.

“மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல ஐயா,” என்றார். “வந்தா முருகேசன் அண்ணேகிட்டச் சொல்லி விடுறேன். அடுத்த மாசம் பன்னெண்டாந் தேதி கல்யாணம். வாங்க. ஆனா நடுவுல எந்திரிக்காதீங்க.”

மதியம் இரண்டே கால். இறங்கும் ஜீப். பனி விலகி, பதினேழு வளைவுகளும் கீழே அவிழ்த்துப் போட்ட கயிறுபோலத் தெரிந்தன. என் ஊரிலும் இப்படித் தாள் மடிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. மடித்தவர்கள் இல்லை நாங்கள். அடுத்த பாட்டை ராகம் தவறாமல் பாடியவர்கள். நான் ஓரிடத்தில் தங்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதுவரை எழுதியதில்லை.

மாலை நான்கு மணிக்கு எனக்கு மதுரைப் பேருந்து. ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஐயா முருகேசனிடம், “பன்னெண்டாந் தேதிக்கு ஒரு இடம் வையி அப்பு,” என்றார்.

“ஒங்களுக்கு எப்பவும் முன்சீட்டுத்தான ஐயா.”

“வேண்டாம். பின்னால குடு. கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கடைசியில உக்காந்து வர்றேன்.”

“தலை சுத்துமே?”

“சுத்தட்டும்,” என்றார் ஐயா.