பக்கத்து மேசைக்காரர்

தஞ்சாவூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, வாய்க்கால் நீரோட்டத்தைக் கணக்கிட ஒரு கணித மென்பொருள் தொகுப்பு தேவைப்பட்டது. லேபில் மற்றவர்களின் கம்ப்யூட்டர்களில் அது சுலபமாக ஏறியது. எனக்குக் கொடுத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் மட்டும், நிரலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றக் கம்பைல் செய்யும்போதெல்லாம் பாதியில் பிழை காட்டி நின்றது. யாரிடமும் கேட்காமல் தனியாகவே மல்லுக்கட்டினேன்.

பக்கத்து மேசையில் இருந்தவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் உள்ள எங்கள் ஊர் மிராசுதாரின் பேரன். கூலிப் போராட்டத்தில் அவருடைய தாத்தாவை எதிர்த்து நின்றவர் என் அப்பா. அதனால் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அன்று நான் கண்ணைத் துடைப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"உங்க கம்பைலர் ரொம்பப் பழசுங்க, அதுல வராது. என் சிஸ்டத்துல பண்ணுங்க. இங்க உக்காருங்க" என்று எழுந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

போராட்டத்துக்கு முன்பெல்லாம் அவர்கள் வீட்டு வாசலில் என் அப்பா கைகட்டி நின்றுதான் பேசியிருக்கிறார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க?" என்றேன்.

"நான் நிக்கிறேங்க."

உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் தொகுப்பு பிழையில்லாமல் ஏறிவிட்டது.

அப்பாவுக்குப் போன் செய்து, ஒருவர் உதவியதில் வேலை முடிந்தது என்றேன். "யாரும்மா ஒத்தாசை பண்ணுனா?" என்றார்.

"கூடப் படிக்கிறவங்கப்பா."

பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மனிதரைத் தப்பாக நினைத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ள அப்பாவை விட்டால் எனக்கு அன்று வேறு ஆளே இல்லை.