வெல்லத் துண்டும் அப்பாவின் புது நாக்கும்

எங்கள் அப்பா பிறந்தது ராமாபுரத்தில். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, மைசூரு மண்டி மொஹல்லாவில் ஒரு வெல்ல மண்டிக்கு மூட்டை தூக்க வந்தவர், அங்கேயே தரம் பிரிப்பவராக உயர்ந்தார். வெல்லத்தின் ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைப்பார். "இது உப்புத் தண்ணி பாஞ்ச கரும்பு, தனியா வை" என்பார். வியாபாரிகள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அதே வாயில்தான் புகையிலையும் இருந்தது.

நாக்கில் புற்றுநோய் என்று தெரிந்ததும் டாக்டரிடம் அப்பா கேட்டது ஒன்றுதான்.

"ருசி தெரியுங்களா சார்?"

"பேசலாம், முழுங்கலாம். ருசிக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

முக்கால்வாசி நாக்கை எடுத்துவிட்டு, இடது முன்கைத் தோலை ரத்தக் குழாயோடு எடுத்து அந்த இடத்தில் தைத்தார்கள். விலங்கியல் மாணவியான நான் டாக்டரை நச்சரித்துப் படம் போட்டுத் தரச் சொல்லி வாங்கி, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். கைத்தோல் என்பதால் புது நாக்கில் ரோமம் முளைத்தது. எனக்கு அது பேரதிசயம். மண்டிக்காரர்களுக்கு வேடிக்கை.

"அண்ணா, ஷேவிங் மட்டுமா, கட்டிங்கும் உண்டா?"

அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். வழிந்த எச்சிலைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று என்னையும் கூட்டிப்போனார். முதலாளி பழக்கத்தில் வெல்லத்தைக் கிள்ளி நீட்டிவிட்டார். நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றார். அப்பா அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு துண்டைக் கிள்ளி என் கையில் வைத்தார்.

"நீ சொல்லு கண்ணு." குழறலாகத்தான் வந்தது, எனக்குப் புரிந்தது.

"கடைசியில லேசாக் கரிக்குதுப்பா."

"தனியா வை" என்றார், மூட்டைக்காரரிடம்.

அதன்பின் கல்லூரி இல்லாத நாட்களில் நான் மென்றேன், அப்பா தீர்ப்புச் சொன்னார். வேலை நிலைத்தது. மறு வருடம் கழுத்தில் கட்டி வந்தது. அதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

அறுவை செய்த டாக்டருக்கும், குழாய் வழியே கஞ்சி ஊற்றக் கற்றுத்தந்த நர்ஸ் அக்காவுக்கும், அப்பாவின் இடத்தில் வேறு ஆளை வைக்காத முதலாளிக்கும், குண்டலுபேட்டையிலிருந்து வாரந்தோறும் வந்துபோன சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

காரியத்தன்று பாயசத்துக்கு மண்டியிலிருந்து வெல்லம் வந்தது. அம்மா ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்து, "எப்படி இருக்கு, பாரு" என்றார். மென்றேன். ஒன்றும் தெரியவில்லை. "நல்லாத்தான் இருக்கும்மா" என்றேன்.

இந்த வருட நினைவு நாளுக்கும் அதே மண்டி வெல்லம்தான். சாப்பிடுகிறவர்கள் யாராவது, எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.